பவுடர் கோட்டிங் உரியாமல் போல்ட் இறுக்க: நைலோன் வாசரா, ஸ்டெயின்லெஸ் வாசரா, வெற்று இரும்பா?

திருகோணமலை உப்புவெளியில் இரவு வெளியே நிறுத்திய மோட்டார் சைக்கிளைக் காலையில் தடவினால் கை பிசுபிசுக்கும். பவுடர் கோட்டிங்கில், அதாவது தூளாகத் தெளித்துச் சூட்டில் வேகவைத்த பூச்சில், அந்த உப்புக்காற்றுக்கு ஒரு சின்ன உரிசல் போதும். மாரி முடிவதற்குள் கறள் அதன் வழியே உள்ளே போய், சுற்றியுள்ள பூச்சையும் கிளப்பிவிடும். உரிசல் பெரும்பாலும் தொடங்குவது, இறுக்கும்போது போல்ட் தலை சுழன்று அரைக்கிற இடத்தில்தான்.

நைலோன் வாசர் பூச்சைத் தொடவே விடாது, விலையும் குறைவு. நம்பர் பிளேட், மட்கார்ட், பக்க மூடிகளுக்கு அதுவே போதும். அதை நம்பிப் பின் ராக்கிற்கும் போட்டேன். நிலாவெளி வீதியில் சில நாள் ஓடியதும் ராக் ஆடத் தொடங்கியது. அழுத்தம் தொடர்ந்தால் நைலோன் மெல்ல நசுங்கி விலகும், இறுக்கமும் கூடவே போய்விடும். பாரம் தாங்கும் இடத்தில் இனி அதைப் போடமாட்டேன்.

ராக்கிற்கு இப்போது அகலமான ஸ்டெயின்லெஸ் தட்டை வாசர். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்றுகிறேன். நட்டின் கீழும் ஒரு வாசர் இருக்கவேண்டும். ஸ்பிரிங் வாசரை (ஓரிடத்தில் வெட்டி முறுக்கிய வளையம்) நேரே பூச்சின் மேல் வைத்தால் அதன் வெட்டு முனை உழுதுவிடும். தலையின் அகன்ற விளிம்புக்கு அடியில் பல்லுள்ள பிளேஞ்ச் போல்டும் அப்படித்தான். ஆனால் தட்டை வாசருக்குக் கீழேயும் 60 முதல் 120 மைக்ரோன் பூச்சு இருக்கிறது, ஏறக்குறைய ஒரு தாளின் தடிப்பு. அது அமுங்கும். சில நாள் ஓடியபின் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும்.

பிரேக் கலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி), எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைச் சட்டத்தோடு பூட்டும் இடம்) இரண்டிலும் நான் சமரசம் செய்வதில்லை. அங்கே இரும்பு இரும்போடுதான் உட்காரவேண்டும். கோட்டிங்கிற்குக் கொடுக்கும்போதே அந்த இடங்களை மறைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேகும் சூடு 180 முதல் 200 பாகை செல்சியஸ். அதைத் தாங்கும் பச்சை நிற பொலியெஸ்டர் டேப்பும் சிலிக்கன் அடைப்பான்களும் இருக்கின்றன. எர்த் வயர் பிடிக்கும் இடத்தையும் மறக்காமல் சொல்லுங்கள், பூச்சின் ஊடாக மின்சாரம் போகாது.

மறைக்காமல் பூசி வந்துவிட்டால், வாசரை வைத்து அதன் ஓரத்தைச் சுற்றிப் பிளேடால் கீறி, உள்வட்டத்தை மட்டும் சுரண்டி எடுக்கலாம். முதலில் கீறாவிட்டால் பூச்சு வெளிப்பக்கமாகவும் உடைந்து வரும். இறுக்கி முடித்ததும் அந்த விளிம்பில் விரலால் கொஞ்சம் கிறீஸ் தடவிவிடுங்கள். கடற்காற்று நுழைவது அந்த இடுக்கால்தான். நான் மாரிக்கு முன் ஒருமுறை, மாரி விட்டதும் ஒருமுறை அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுகிறேன்.