கால் இஞ்ச் ஃபுட்டும் கறுப்பு மெஷினும்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு குவில்ட் தைக்கிறேன் என்றால், இந்த வெக்கைக்கு யாருக்குப் போர்வை என்று சிரிப்பார்கள். பஞ்சு வைத்த கனமான குவில்ட் இங்கே ஆகாதுதான். நான் தைப்பது நடுவில் பழைய பருத்தி வேட்டி வைத்த மெல்லிசு ரகம். பிள்ளை பெற்ற வீடுகளுக்கும், ஏசி அறையில் படுக்கும் வெளியூர் உறவுக்காரர்களுக்கும் போகிறது. மேல்துணி பெரும்பாலும் கைலி, ஜாக்கெட் பிட்டு. மெஷின் காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின். அதற்காக ஆன்லைனில் வாங்கிய கால் இஞ்ச் ஃபுட்டை, அதாவது ஊசி இறங்கும் இடத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த ஃபுட்டின் வலது ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று கீழே இறங்கியிருக்கும். துணியின் ஓரத்தை அதில் முட்டக் கொடுத்து ஓட்டினால் தையல் கால் இஞ்ச்சில் விழும். விழவும் செய்கிறது. பிரச்சினை அதுவேதான். துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரம், அதாவது பிளாக், சரியான அளவுக்கு வர, தையல் கால் இஞ்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். தைத்த பிறகு துணியை ஒரு பக்கம் மடித்துத் தேய்க்கிறோம் இல்லையா, அந்த மடிப்பின் முதுகும் உள்ளே கிடக்கும் நூலின் கனமும் கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவர்கள் ஊசியை வலது பக்கம் ஒரு பொட்டு நகர்த்திக்கொள்ளலாம். கறுப்பு மெஷினில் ஊசி இருந்த இடத்தில்தான் இறங்கும், தகடும் நகராது. இன்னொன்று, குறுக்குத் தையல் வரும் இடத்தில் துணி தடித்திருக்குமே, அங்கே அந்தத் தகடு இடறி ஓரத்தைத் தள்ளிவிடுகிறது.

அதனால் இப்போது நான் நம்புவது ஃபுட்டை இல்லை, கைடை. ஊசித்தகட்டுக்கு வலப்புறம், மெஷினின் மேல்தளத்தில் திருகு ஓட்டை இருக்கும், பலர் கவனித்திருக்க மாட்டார்கள். துணி ஓரத்தை முட்டக் கொடுத்து ஓட்ட அதில் பொருத்துகிற தையல் கைடு விலையிலும் மலிவு. திருகைத் தளர்த்தி எந்த அளவுக்கு வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம். மிதிக்கிற அதிர்வில் திருகு தளரும் என்பதுதான் அதன் ஒரே குறை. ஒவ்வொரு நாளும் உட்காரும்போது ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

கைடை எங்கே வைப்பது என்று ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, தேய்த்து, ஆற விட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். அது சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் கைடை ஊசிப் பக்கம் நெருக்க வேண்டும், கூடினால் விலக்க வேண்டும். நூலை மாற்றினாலும் துணியை மாற்றினாலும் இந்தச் சோதனையை மறுபடி போடுவேன். தடித்த நூலுக்கு வைத்த கைடு மெல்லிய நூலுக்கு ஒத்துவராது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், கணக்கைப் பாருங்கள். நூல் என்று இங்கே சொல்வது அளவை; இஞ்ச்சுக்கு 8 நூல். ஒவ்வொரு தையலும் அரை நூல் உள்ளே போய்விட்டது என்று வைப்போம். இரண்டு துண்டிலும் அரை அரையாக ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். நாலரை இஞ்ச் சதுரம் ஒன்பதை வைத்துத் தைக்கும் பிளாக்கில் வரிசைக்கு இரண்டு தையல். 12½ வர வேண்டியது 12¼ தான் வரும். மூன்றரை இஞ்ச் சதுரம் பதினாறை வைத்துத் தைக்கும் பிளாக்கில் வரிசைக்கு மூன்று தையல். அது இன்னும் ஒரு நூல் குறையும். குவில்ட் முழுக்க ஒரே டிசைன் என்றால் எல்லாம் ஒரே அளவில் குறைந்திருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு டிசைனை மாற்றி மாற்றி வைக்கும்போதுதான் மூலைகள் சேராது. இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் நடுவில் குமிழ் எழும்பும்.

தங்கச்சிமடத்தில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவருக்கு இதைக் காட்டினேன். அவருக்கு அளவைவிட விளிம்பில்தான் கவலை. “கால் இஞ்ச் விட்டா பிரிஞ்சுராதா? பெருக்க வேணாமா?” என்றார். ஜாக்கெட்டில் பின்னால் பிரித்துவிட உள்ளே துணி விட்டே பழகிய கை. ஒட்டுத்துணியில் அந்தப் பேச்சே கிடையாது. தையலைக் கொஞ்சம் பொடியாக வைத்தால் போதும், பிரியாது.

கைலித் துணிக்கு ஒரு தனி வரி எழுத வேண்டும். புதுசாக இருந்தால் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அப்புறம்தான் வெட்ட வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். கட்டத்தைப் பார்த்து வெட்டலாமே என்று தோன்றும். வேண்டாம்; கட்டம் இஞ்ச் கணக்கில் இருக்காது, சில துணியில் ஒரு பக்கம் சாய்ந்தும் ஓடும். ஆனால் கட்டம் நேராக ஓடும் துணியானால், தையல் சாய்ந்ததா என்று பார்க்கக் கைலியை மிஞ்சின துணி இல்லை. வெள்ளைக் கோடு ஒன்று தையலை ஒட்டி இறங்கும் இடத்தைப் பாருங்கள்: மேலே இரண்டு இழை தெரிந்து, கீழே ஒன்றுதான் தெரிந்தால் துணி நழுவியிருக்கிறது. டேப்பே வேண்டாம்.

இந்த ஊருக்கே உரிய தொல்லை ஈரம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்றடித்தாலும் உப்புதான். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போடுவது நல்ல பழக்கம், விறைப்பாக நின்று வெட்டுக் கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த விறைப்பு ரொம்ப நாள் நிற்பதில்லை. அந்த மாதங்களில் அன்றைக்குத் தைப்பதை மட்டும் அன்றைக்கு வெட்டுகிறேன். கஞ்சி போட்ட துண்டுகளை அடுக்கி வைத்தால் பூச்சியும் வரும். தேய்க்கும்போது பெட்டியை இழுக்கக் கூடாது; வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். ஈரத் துணியில் இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும், குறிப்பாக மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்கள். அளப்பது ஆறிய பிறகுதான்.

துணியை உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டரின் வட்ட பிளேடு இந்தக் காற்றில் சீக்கிரம் துரு ஏறுகிறது. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைத்து, மறுநாள் பழந்துணியில் ஓட்டிவிட்டுப் பிறகுதான் நல்ல துணிக்கு எடுப்பேன். நான் கேட்ட ராமநாதபுரம் கடைகளில் இந்த பிளேடு கிடைக்கவில்லை, எல்லாம் கூரியரில்தான் வருகிறது. வெட்டும் பாயை வெயிலில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், தட்டையாகவே போடுங்கள். ஸ்கேல் எதுவானாலும் ஒரு குவில்ட்டுக்கு ஒன்றே போதும். அதிலும் கோட்டின் எந்தப் பக்கத்தில் துணியை வைக்கிறோம் என்பதைக் கடைசி வரை மாற்றக் கூடாது.

இஞ்ச் டேப்பை பிளாக்குக்கு எடுப்பதே இல்லை, பார்டருக்கு மட்டும்தான். அப்போதும் ஓரத்தை அளக்காமல், குவில்ட்டை விரித்து நடுவில் ஒன்று, இரு பக்கமும் சற்று உள்ளே தள்ளி ஒவ்வொன்று என மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்கு பார்டர் வெட்டுகிறேன். ஓரம் கைபட்டு இழுபட்டிருக்கும். அதன் நீளத்துக்கு வெட்டினால் பார்டர் அலையலையாகத்தான் நிற்கும்.