மடிப்பாக்கம் முதல் ஆயிரம் விளக்கு வரை: மழையைப் பார்த்து வண்டி எடுத்த மூன்று பருவம்

வீடு மடிப்பாக்கம். ஆபீஸ் ஆயிரம் விளக்கு. பரங்கிமலை வரை பைக், அங்கே மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறி, ஆயிரம் விளக்கில் இறங்கி நடை. மெட்ரோ வேண்டாமென்றால் அதே பரங்கிமலையில் மின்சார ரயில். மாதம் ஒரு தடவையாவது வேலை விஷயமாக விமானம். இத்தனையையும் வானிலைத் தகவலைப் பார்த்துப் பார்த்து முடிவெடுப்பது என்று 2023 செப்டம்பரில் ஆரம்பித்தேன். மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பதே எனக்கு இப்போது வீண் கேள்வியாகத் தெரிகிறது. பைக் கேட்பது ஒன்று, ரயில் கேட்பது வேறொன்று, விமானத்துக்குப் பல நாட்களில் மழை ஒரு பொருட்டே இல்லை.

பைக்குக்கு, மழை எங்கே, எவ்வளவு வலுவாகப் பெய்கிறது என்று காட்டும் டாப்ளர் ரேடார் படம்தான் உயிர். வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னைத் துறைமுகப் பக்கம் ஒரு ரேடார், பள்ளிக்கரணையில் இன்னொன்று. சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் மாறும். நீலம், பச்சை என்றால் தூறல், மஞ்சள் தாண்டிச் சிவப்பு வந்தால் ரெயின்கோட் போட்டும் பிரயோஜனமில்லை. முதல் மாதமே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று பைக்கிலேயே ஆபீஸ் போயிருந்தேன். மாலை 5.20-க்குப் படத்தைத் திறந்தால் ஓரத்தில் 11.40 என்றிருந்தது. காலையில் எடுத்த படம் போலிருக்கிறது என்று மூடிவிட்டுக் கிளம்பினேன். சின்னமலை தாண்டுவதற்குள் தொப்பல். அப்புறம்தான் தெரிந்தது, அது யூடிசி என்ற உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 5.10. பத்து நிமிடத்துக்கு முந்தைய படத்தைத்தான் பழசென்று தள்ளியிருக்கிறேன்.

அதற்கப்புறம் படத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பது பழகிவிட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை மழை மேற்கிலிருந்து வரும். ஸ்ரீபெரும்புதூர் மேல் சிவப்பாக ஒரு திட்டு நகர்ந்து வந்தால் எனக்குச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கணக்கு. சில நாள் அது பூந்தமல்லியிலேயே கரைந்துபோகும், சும்மா சீக்கிரம் கிளம்பின கதையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். மழை கடலிலிருந்து வரும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும். அப்போது கிழக்கே பார்க்க வேண்டும். கடல் மேல் அடுத்தடுத்துத் திட்டுகள் வரிசை கட்டி நின்றால் பைக்கைத் தொடுவதில்லை. கூடவே தாமினி என்ற ஆப். 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுந்திருக்கிறதா என்று காட்டும். மேம்பாலத்தின் மேல் தனியாக பைக்கில் போகிறவனுக்கு அது போதும்.

வானிலை மையம் விடும் மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்ற வண்ண எச்சரிக்கைகளோடு சமாதானமாகக் கொஞ்ச நாள் ஆனது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தாண்டினால் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. மாவட்டத்துக்கு இது சரி, என் பயணத்துக்குப் போதாது. நாள் முழுக்க நசநசவென்று 70 மில்லிமீட்டர் பெய்தால் எங்கள் தெரு தாங்கும். அதையே ஒரு மணி நேரத்தில் கொட்டினால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை மூடிவிடும். 2024 அக்டோபர் நடுவில் ரெட் அலர்ட் வந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்களே, அதில் எங்கள் மாடிவீட்டுக்காரர் காரும் உண்டு. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட, 16ஆம் தேதி பெரிய மழையே இல்லை. ஊரே கிண்டல் செய்தது. எனக்கு அவர் செய்ததில் தப்பே தெரியவில்லை. காரைப் பொறுத்தவரை எச்சரிக்கையை நம்பி ஏமாந்தால் ஒரு நாள் நடை. நம்பாமல் ஏமாந்தால் இன்ஜின்.

வரைபட ஆப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஆட்டோக்காரர். போன வருஷம் ஒரு மழை ராத்திரி, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை வழியை ஆப் நீலமாகக் காட்டியது, மற்ற வழியெல்லாம் சிவப்பு. நான் போனை நீட்டினேன்.

"சார், வண்டியே போகலன்னா நீலமாத்தான் காட்டும்," என்றார் திரும்பிப் பார்க்காமலே.

உண்மைதான். சாலையில் நகரும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் நெரிசல் கணக்கு. தண்ணீர் நிற்கும் இடத்தில் போனும் இல்லை, நெரிசலும் இல்லை. அன்றிலிருந்து மழை நாளில் எல்லாம் சிவப்பாக இருக்கும்போது ஒரு வழி மட்டும் நீலமாக இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. மூடின சுரங்கப்பாதைகளின் பட்டியலைப் போக்குவரத்துக் காவல்துறை எக்ஸ் தளத்தில் போடுகிறது. ஒரு நிமிட வேலை, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

ரயிலுக்கு வானத்தைப் பார்த்துப் பயனில்லை, தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். மின்சார ரயிலின் மோட்டார்கள் அடியில் இருக்கின்றன. தண்ணீர் தண்டவாளத்துக்கு மேல் ஏறினால் ஓட்ட முடியாது. ஆவடியிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் வானிலை ஆப்பே வைத்திருக்கவில்லை. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று செய்தி வந்தால் அவருக்கு லீவு. என் கணிப்புகளைவிட அவருடையது அதிகம் பலித்திருக்கிறது.

மெட்ரோ மழைக்கு அசராது, ஆனால் மெட்ரோ வரை போக வேண்டுமே. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று மெட்ரோ ஓடியது. பரங்கிமலை நிலையத்தின் வாசலில் தண்ணீர். ஆலந்தூரில் ஏறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். மெட்ரோ தகவல், வானிலைத் தகவல் இரண்டும் கையில் இருந்தும் நடுவில் இருக்கும் தெருவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸைப் பற்றி அதிகமில்லை. மழையில் பஸ் ஆப் காட்டும் "5 நிமிடம்" என்பதை நம்பாமல் பஸ் படம் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

விமானத்துக்கு மெட்டார் என்ற விமான நிலைய வானிலைக் குறிப்பு. அரை மணிக்கு ஒருமுறை வரும், விமான ஆப்களில் பார்க்கலாம். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம் எல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். 05018 என்றால் 50 டிகிரியிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து, 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் காற்று. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய 70 டிகிரி பார்த்தது, ஆகவே அது எதிர்க்காற்று, நல்லது. அதே வேகம் 340-லிருந்து வந்தால் பக்கக்காற்று, தாமதத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்வேன். 2018 போகி அன்று ஒரு சொட்டு மழை இல்லை, புகைமூட்டத்தால் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஃபெஞ்சல் புயல் வந்தபோது, 2024 நவம்பர் 30, நண்பகலிலிருந்து விமான நிலையத்தையே மூடினார்கள். அன்று எனக்கு டிக்கெட் இருந்தது. முந்தின நாளே மாற்றிக்கொண்டேன். இந்த மூன்று வருஷத்தில் எனக்கு முழுசாகப் பலித்த ஒரே கணிப்பு அதுதான்.

இத்தனை ஆப்களையும் நானே முன்னும் பின்னும் புரட்டி ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. மழையை அறிந்த ஆப்புக்கு வழி தெரியாது, வழி தெரிந்த ஆப்புக்குத் தண்ணீர் தெரியாது. இதற்கு நடுவில் எங்கள் தெரு வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. மழை வலுத்தால் முனையில் இருக்கும் பால் பூத்தின் படிக்கட்டை யாராவது போட்டோ எடுத்துப் போடுவார்கள். மூன்று படி. ஆபீஸிலிருந்து கிளம்பும்போது கடைசியாக நான் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது படி மூழ்கியிருந்தால் பைக்கை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு நடக்கிறேன்.