உறையைத் தாங்கும் விதையா, தாங்காத விதையா: அரிய வீட்டுச்செடிகளை எப்படி வாங்குவது?

போன பங்குனியில் கூரியரில் ஒரு சின்ன ஜிப்லாக் கவர் வந்தது. உள்ளே 10 விதைகள், கூடவே ‘ஆந்தூரியம் கிரிஸ்டலினம்’ என்று எழுதிய சீட்டு. வெல்வெட் போன்ற இலையும் வெள்ளி நரம்புமாக இருக்கும் அந்தச் செடிக்கு நான் 3 வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். விதைகள் பழுப்பாகச் சுருங்கி இருந்தன. ஒன்றை நகத்தால் அழுத்தினேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. மீதி 9 விதைகளையும் பிரியாணி பார்சல் டப்பாவில் ஈரமான ஸ்பேக்னம் பாசியைப் பரப்பி மேலே வைத்து மூடினேன். 6 வாரம் பார்த்தேன். வெள்ளைப் பூஞ்சணம்தான் வந்தது.

விதைத்த முறையில் தப்பில்லை. பலாக்கொட்டையை ஒரு மாதம் வெயிலில் காயவைத்து நட்டால் முளைக்குமா? அவரை விதையைச் சாம்பலில் புரட்டி அடுத்த ஆடி வரை வைத்திருக்கலாம். பலா, மா இரண்டும் அப்படி இல்லை. ஈரம் போனால் விதையின் உயிரும் போய்விடும். ஆந்தூரியம், மான்ஸ்டெரா விதைகளும் இந்தப் பலாக்கொட்டை வகைதான். பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் மண்ணைத் தொட வேண்டும்.

தபாலில் வரும் விதை, ஆய்வகப் புட்டியில் திசுவிலிருந்து வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் நாற்று, கணுவோடு வெட்டிய கட்டிங் என்று மூன்று வழியிலும் சென்னையில் செடி வளர்த்துப் பார்த்துவிட்டேன். எது மலிவு, எது சீக்கிரம் வளரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்தச் செடியின் விதை உறைக்குள் உயிரோடு இருக்குமா என்பது.

உயிரோடு இருக்கும் விதைகளில் நம் ஊருக்கு முதல் தேர்வு அடீனியம். இரண்டு முனையிலும் பஞ்சுக்குஞ்சம் வைத்த குச்சி மாதிரி இருக்கும். காய்ந்த நிலையில் பல மாதம் தாங்கும். மாசி, பங்குனிச் சூட்டில் விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டும். விதையிலிருந்து வந்த செடிக்குத்தான் அடித்தண்டு அழகாகப் பருக்கும், கட்டிங்கில் அந்த உருண்டை அவ்வளவு எளிதில் வராது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பாக்கெட்டில் அச்சடித்த அடுக்குப்பூ நிறம் விதையில் அப்படியே வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தப் பூதான் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் அந்தப் பருத்த தண்டு உள்ளுக்குள்ளேயே அழுகும்.

பேர்ட் ஆஃப் பாரடைஸ் விதையும் தபாலைத் தாங்கும். ஆரஞ்சு நிறப் பஞ்சைப் பிய்த்துவிட்டு, கெட்டியான தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, 2 நாள் ஊறவைத்து நட வேண்டும். முளைக்க ஒன்று முதல் 3 மாதம் ஆகலாம், பூக்கப் பல வருஷம் ஆகும். பிகோனியா விதை தூள் போல இருக்கும். முளைக்க வெளிச்சம் தேவை, அதனால் மண்ணைப் போட்டு மூடக் கூடாது.

விதை எதுவானாலும் நம் ஊரில் முளையைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து நாற்றுகளுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன், மழைக்காலத்தில் மழைநீர். கோகோபீட்டையும் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துவேன். நேற்று நிமிர்ந்து நின்ற முளை இன்று அடியில் கறுத்துச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். டப்பா மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து காற்று விட்டு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்த பிறகு எனக்கு அது வெகுவாகக் குறைந்தது.

அடுத்தது டிஷ்யூ கல்ச்சர். ‘தாய் கான்ஸ்டலேஷன்’ என்ற மான்ஸ்டெரா வகை வேண்டுமென்றால் பெரும்பாலும் இதுதான் வழி. அதன் இலையில் இருக்கும் பாலாடை நிறத் தெறிப்பு ஆய்வகத்தில் வளர்த்த செடியில் வந்தது, விதையில் வரும் என்று நம்ப முடியாது. ஆனால் புட்டியிலிருந்து வரும் நாற்று முழு ஈரக் காற்றிலேயே வளர்ந்தது, இலையில் மெழுகுப்பூச்சு சரியாக உருவாகியிருக்காது. நம் வெயிலில் திறந்து வைத்தால் ஒரே மத்தியானத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய ஜெல்லியை நன்றாகக் கழுவி, மூடிய டப்பாவில் வைத்து, 3, 4 வாரத்தில் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். முதல் முறை வாங்குபவர்கள் ஏற்கெனவே பழக்கி, புது இலை விட்ட செடியையே வாங்கலாம். கூடுதல் விலை கொடுப்பது தகும். பிலோடென்ட்ரான் பிங்க் காங்கோவை மட்டும் வாங்காதீர்கள். அந்த இளஞ்சிவப்பு நிறம் மருந்தால் வரவழைத்தது, சில மாதத்தில் புது இலைகள் பச்சையாகிவிடும்.

கட்டிங் என்றால் தண்டில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். காம்போடு வெறும் இலையை அனுப்புபவர்கள் உண்டு. தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர்கூட விடலாம், புதுத் துளிர் மட்டும் வராது. இலையில் வெள்ளைத் திட்டு விழும் மான்ஸ்டெரா ஆல்போவில் தண்டிலேயே, மொட்டு இருக்கும் பக்கத்தில், வெள்ளைக்கோடு ஓட வேண்டும். நீல மான்ஸ்டெரா, கறுப்பு மான்ஸ்டெரா என்று விதை விற்பதெல்லாம் ஏமாற்று. அப்படிச் செடியே கிடையாது. என் பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக வாங்கி விதைத்த ஒரு பாக்கெட்டில் முளைத்தது குப்பைக்கீரை.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க நினைத்தால், 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சென்னைக்கான தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. ‘பரிசு’ என்று எழுதி அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அந்த விதையோடு எந்த நோய் வந்து நம் தோட்டங்களில் பரவும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் எனக்குக் கிரிஸ்டலினம் எப்படிக் கிடைத்தது? திருவான்மியூரில் ஒரு தோழி வீட்டுச் செடியில் பழம் பிடித்திருந்தது. பூக்கதிரிலிருந்து தானாக வெளியே தள்ளிய 6 பழங்களை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிதுக்கினேன். விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு கோந்து, டீ வடிகட்டியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அன்று சாயங்காலமே அதே பிரியாணி டப்பா, அதே பாசி. 12ஆம் நாள் 7 முளைகள் எழுந்திருந்தன. வெள்ளி நரம்பு நாலாவது இலையில்தான் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு நாற்றிலும் இலை வடிவம் கொஞ்சம் கொஞ்சம் வேறு, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆந்தூரியம் விதை தபாலில்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், விற்பவரிடம் பழம் பறித்த தேதியைக் கேளுங்கள். தேதி சொல்லி, ஈரப் பாசியில் பொதிந்து, இரண்டு மூன்று நாளில் வந்து சேரும்படி அனுப்பச் சம்மதிப்பவரிடம் வாங்கலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் கேட்காதீர்கள். கூரியர் வண்டிக்குள் அந்த வெயிலில் எந்த விதையும் வெந்துவிடும்.