பிஎஸ்2 ஓட எந்தப் போன்? புது டைமென்சிட்டியா, பாவித்த ஸ்னப்டிராகனா?

கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் போனுக்குப் பக்கத்து மட்டையில் மூன்று விடயம்தான் பெரிதாக எழுதியிருக்கும்: எத்தனை ஜிபி ராம், எத்தனை மெகாபிக்சல், எத்தனை கோர். எமுலேட்டருக்காக, அதாவது பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) மாதிரிப் பழைய கேம் கருவிகளின் கேம்களைப் போனில் ஓட்டும் செயலிக்காகப் போன் வாங்குகிறவருக்கு இந்த மூன்றாலும் பெரிய பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் எந்தக் கடையிலும் ஏறி, "அண்ணை, இதிலை பிஎஸ்2 ஓடுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். "எட்டுக் கோர் தம்பி, எல்லாம் பறக்கும்" என்பார்கள்.

பறக்காது. 2000 இல் வந்த பிளேஸ்டேஷன் 2 இன் பிரதான சிபியு ஏறத்தாழ 295 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதோடு இரண்டு வெக்டர் யூனிட்டுகளும் தனியான கிராபிக்ஸ் சிப்பும் இருந்தன. எமுலேட்டர் அந்தச் சிப்புகளின் கட்டளைகளை உடனுக்குடன் போன் சிப்புக்குப் புரியும் ஆர்ம் கட்டளையாக மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். இந்த வேலை பிரதான சிபியு, இரண்டாவது வெக்டர் யூனிட், கிராபிக்ஸ் என்று ஒரே நேரத்தில் ஓடும் மூன்று த்ரெட்டுகளாகத்தான் பிரிகிறது. எட்டாகப் பிரியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க இரண்டு பேர், பட்டை கவிழ்க்க ஒருவர் என்றால் மிச்ச ஐந்து பேரும் வேலியோரம் நிற்க வேண்டியதுதான். ஆகவே கேட்க வேண்டியது எத்தனை கோர் என்றல்ல, வேகமான கோர் எத்தனை, அது எந்தத் தலைமுறை என்று.

மலிவு விலைப் போன்களில் கனகாலமாகக் கிடந்த ஹீலியோ ஜி85 என்ற மீடியாடெக் சிப்பை எடுங்கள். எட்டுக் கோர்தான். ஆனால் அதில் ஆறு, மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏ55 கோர்கள். மிஞ்சும் இரண்டும் 2017 வடிவமைப்பான ஏ75, 2 கிகாஹேர்ட்ஸ். அதற்குப் பிறகு வந்த ஹீலியோ ஜி99 இல் அந்த இரண்டும் 2.2 கிகாஹேர்ட்ஸ் ஏ76 ஆகின்றன. கடதாசியில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம். ஜி85 இல் இழுபடும் இலேசான பிஎஸ்2 கேம்கள் ஜி99 இல் மூல ரெசல்யூஷனில் ஒழுங்காக ஓடும். காட் ஒஃப் வோர், ஷடோ ஒஃப் த கொலோசஸ் மாதிரிப் பாரமானவை ஜி99 இலும் மூச்சு வாங்கும்.

இந்த இடத்தில் குவால்கொம் கொம்பனியின் ஸ்னப்டிராகன் சிப்புகளின் பக்தர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்னப்டிராகன் 680 என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் பெரிய கோர் ஏ73, கிராபிக்ஸ் அட்ரீனோ 610. பிஎஸ்2 க்கு ஜி99 அதைத் தாராளமாக முந்தும்.

பிஎஸ்பி மட்டும் போதும் என்கிறவர்கள் இந்தச் சண்டைக்குள் வரவே தேவையில்லை. சோனியின் அந்தக் கைக் கருவியில் இருப்பது 333 மெகாஹேர்ட்ஸ் சிபியு, 480க்கு 272 திரை. பிபிஎஸ்எஸ்பிபி 2012 இலிருந்து தீட்டித் தீட்டி மெருகேறிய எமுலேட்டர். ஜி85 போனிலேயே பெரும்பாலான கேம்கள் இரட்டை ரெசல்யூஷனில் ஓடும். காசை மிச்சம் பிடித்து நல்ல கொன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள்.

உண்மையான போட்டி நடுத்தர விலையில்தான். ஒரு பக்கம் மீடியாடெக்கின் டைமென்சிட்டி 8100, 8300 உள்ள, பெட்டி பிரிக்காத போன்கள். மறுபக்கம் ஸ்னப்டிராகன் 865, 870 உள்ள பாவித்த போன்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு எங்கள் ஆட்களில் பலருக்குப் புது உச்ச மொடல் என்பது பார்த்துவிட்டு வைக்கிற சாமானாகிவிட்டது. அதனால்தான் 2019 கடைசியில் அறிவித்த 865 இன்னும் இந்தப் பேச்சில் இருக்கிறது. அது வெறும் பழைய சரக்கு அல்ல; எமுலேட்டருக்கென்றே செய்து விற்கும் ரெட்ரொய்ட் பொக்கெட் 5 என்ற கைக் கருவிக்குள் இருப்பதும் அதே 865 தான்.

பிஎஸ்2 ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் என் வாக்கு டைமென்சிட்டிக்கு. 870 இல் ஒரேயொரு ஏ77 கோர்தான் 3.2 கிகாஹேர்ட்ஸ், அடுத்த மூன்றும் 2.42 க்கு இறங்கிவிடும். டைமென்சிட்டி 8100 இல் ஏ78 கோர்கள் நான்கும் 2.85 இல் நிற்கும். மூன்று த்ரெட்டுகளுக்கும் ஆளுக்கொரு வேகமான கோர் கிடைக்கிறது. அதன் மாலி ஜி610 கிராபிக்ஸும் இரண்டு மடங்கு ரெசல்யூஷனுக்குத் தாராளம். 870 தோற்கிறது என்றில்லை, அதிலும் பெரும்பாலான கேம்கள் முழு வேகத்தில் ஓடும். ஆனால் பாரமான காட்சிகளில் 8100 இன் நிதானம் தெரியும்.

நின்டெண்டோவின் கேம்கியூப், வீ கருவிகளின் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே மாலியின் ட்ரைவர், அதாவது அந்தக் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள், குறுக்கே நிற்கும். நிழல் காணாமல் போகும், நிலம் கறுப்பாகும், சில கேம் திறந்தவுடன் விழும். சிபியுவில் பலம் மிச்சமிருந்தும் படம் பிழைத்தால் என்ன செய்ய முடியும்? போன் கொம்பனி அடுத்த அப்டேட் தரும் வரை இருக்க வேண்டும். நடுத்தரப் போனுக்குக் கிராபிக்ஸ் ட்ரைவர் அப்டேட் வருவது அபூர்வம்.

ஸ்னப்டிராகனின் அட்ரீனோ கிராபிக்ஸுக்குக் குவால்கொம் எழுதிய ட்ரைவர் உத்தமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 இல் கேம்கியூப், வீ கேம்களை ஓட்டும் டொல்பின் எமுலேட்டர்காரர்களே அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அட்ரீனோவின் பலம் வேறு: அந்த ட்ரைவரைக் கழற்றி எறியலாம். மெசா திட்டத்தில் திறந்த மூலமாக எழுதப்படும் டர்னிப் என்ற ட்ரைவர் அட்ரீனோ 6, 7 வரிசைகளுக்கு இருக்கிறது. போனை ரூட் செய்யவும் தேவையில்லை. டொல்பினுக்குள் போய், ட்ரைவர் கோப்பைக் காட்டிவிட்டால் அந்த எமுலேட்டர் மட்டும் அதைப் பாவிக்கும். ஒன்று சரிவராவிட்டால் வேறு பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். மாலிக்கும் திறந்த மூல ட்ரைவர் எழுதுகிறார்கள்தான். ஆனால் அது அன்ட்ரொய்டின் அடித்தளமான கேர்னலுக்குள் வேறு ட்ரைவரை எதிர்பார்ப்பதால் சாதாரணப் போனில் இப்படிச் செருக முடியாது.

ஆகவே பிஎஸ்2 இல் பின்தங்கிய அதே 870, கேம்கியூப்பில் முன்னுக்கு வந்துவிடுகிறது. கொம்பியூட்டர் கேம்களை வின்லேட்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் பேச்சே இல்லை, அட்ரீனோதான். டர்னிப் அதற்குள்ளேயே வருகிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டர்களிலும் இதே நிலைதான். யூசு 2024 மார்ச்சில் நின்டெண்டோவுடன் 24 இலட்சம் டொலருக்குச் சமரசமாகி மூடப்பட்டது; அதன் வழியில் வந்தவை இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு 870 போதாது, ஸ்னப்டிராகன் 8 ஜென் 2 அளவிலாவது வேண்டும். சாம்சுங் எஸ்23, எஸ்23 பிளஸ், எஸ்23 அல்ட்ரா மூன்றும் எல்லா நாட்டுக்கும் அந்தச் சிப்போடுதான் வந்தன. அதற்கு முந்தைய எஸ்22 இல் சந்தையைப் பொறுத்துச் சாம்சுங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸ் 2200 இருக்கலாம். ஏஎம்டி கிராபிக்ஸ் என்று பெயர் பெரிதாகக் கேட்டாலும் டர்னிப் அதில் ஏறாது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது எஸ்22 அனுப்புகிறேன் என்றால் சிப்பின் பெயரைக் கேட்டுவிட்டு ஓம் சொல்லுங்கள்.

புதிது எப்போதும் திறம் என்ற கணக்கும் இங்கே பிழைக்கும். 2024 இல் வந்த ஸ்னப்டிராகன் 8 எலீட்டின் வேகத்தைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் அது கடைக்கு வந்தபோது அதன் அட்ரீனோ 830 க்கு டர்னிப் தயாராக இருக்கவில்லை. வெளிவந்து ஒன்றிரண்டு வருடமாவது ஆன சிப்தான் எமுலேட்டருக்குப் பதமானது.

ஐபோனைப் பற்றிச் சுருக்கமாக: சிபியு பலத்தில் அதைக் குறை சொல்ல ஏலாது. 2024 ஏப்ரலில் ஆப்பிள் எமுலேட்டர்களுக்கு அனுமதி கொடுத்தது, மே மாதம் பிபிஎஸ்எஸ்பிபியும் வந்தது. ஆனால் உடனுக்குடன் கட்டளை மாற்றும் ஜிட் முறைக்கு அனுமதி இல்லை. அது இல்லாமல் டொல்பின் ஓடி விளையாடாது. இருக்கிற ஐபோனில் பிஎஸ்பி விளையாடுங்கள், எமுலேட்டருக்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

வெக்கை விடயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெஞ்ச்மார்க் மார்க்குகள் குளிரூட்டிய அறையில், சில நிமிட ஓட்டத்தில் எடுப்பவை. சித்திரை, வைகாசி வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜும் போட்டபடி விளையாடினால் எந்தச் சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யார் எவ்வளவு குறைக்கிறார் என்பதுதான் கேள்வி. ஸ்னப்டிராகன் 888 உம் 8 ஜென் 1 உம் சாம்சுங் ஆலையில் செய்தவை, சூட்டுக்குப் பேர்போனவை. பெயரில் 865 ஐவிடப் பெரிய இலக்கம் இருக்கிறதே என்று 888 இல் விழாதீர்கள். தாய்வானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்த 865, 870, 8 பிளஸ் ஜென் 1 மூன்றுமே நிதானமானவை. சூடு குறைந்த சிப் பற்றரியையும் குறைவாகக் குடிக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊருக்கு அது சின்ன விடயம் அல்ல.

எந்தச் சிப் வாங்கினாலும் கேம் இழுபட்டால் முதலில் ரெசல்யூஷனை ஒரு மடங்குக்கு இறக்குங்கள். வேகம் திரும்பினால் கிராபிக்ஸ்தான் தடை, அதை அமைப்புகளில் சமாளிக்கலாம். திரும்பாவிட்டால் சிபியு போதாது. அப்போதும் ஒரு வழி உண்டு: அதே கேமின் ஐரோப்பியப் பதிப்பு. எங்கள் ரீவியைப் போல அதுவும் பால் (PAL) முறை, நொடிக்கு 60 க்குப் பதில் 50 தடவைதான் திரை மாறும். பலவீனமான போனுக்கு அந்தச் சலுகை உயிர் கொடுக்கும். பிஎஸ்2 எமுலேட்டரான ஈதர்எஸ்எக்ஸ்2 ஐ எழுதியவர் மிரட்டல்கள் தாங்காமல் 2023 ஜனவரியில் கைவிட்டுவிட்டார். இப்போது ஆட்கள் பாவிப்பது அதைத் திருத்திய நெதர்எஸ்எக்ஸ்2. அதற்கு 64 பிட் அன்ட்ரொய்ட் கட்டாயம். சில மலிவுப் போன்களில் 64 பிட் சிப்பின் மேல் 32 பிட் அன்ட்ரொய்டைப் போட்டு விற்கிறார்கள், அதில் அது ஏறவே ஏறாது.

பாவித்த 870 ஐத் தெரிவு செய்தவர்கள் காசு கொடுக்க முன்னம் போனின் அடையாள இலக்கமான ஐஎம்ஈஐ இலக்கத்தைத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவைச் சரிபாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள், சிலது அந்த நாட்டு நெட்வொர்க்கிலேயே பூட்டியிருக்கும். கேம் ஒன்றை மெமரி காட்டில் கொண்டுபோய்க் கடையிலேயே பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். அந்த நேரத்துக்குள் பற்றரி சதவீதம் படபடவென்று இறங்கினால், பற்றரி மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஓட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.