காற்றோடு போக: 14 அடி பலகையா, ஃபாயிலா?

முதுகில் காற்று தள்ள, கடல் அலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடுவதுதான் டவுன்விண்ட். இதற்கு 14 அடி பலகை பொறுமைசாலி. காற்று தணிந்தாலும் நகரும். களைத்தால் முட்டி போட்டுக்கூடக் கரை சேரலாம். முன்னால் போகும் அலையில் பலகை தன் மூக்கை (முன்நுனியை) குத்தும், அது ஒன்றுதான் தொல்லை. சட்டென்று பின்னால் நகர்ந்து நிற்கப் பழக வேண்டும்.

ஃபாயில் வேறு சங்கதி. பலகையின் அடியில் கம்பத்தில் பொருத்திய இறக்கை, நீருக்கடியில் இருந்தபடி பலகையையே மேலே தூக்கிவிடும். உராய்வு குறைவதால், உடையாத சிறு அலையின் உந்துதலே போதும். துடுப்புப் போடாமலே பறக்கலாம். சிக்கல் எழும்புவதில்தான் (அந்தச் சில நொடிகளிலேயே மூச்சு வாங்கிவிடும்). விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. காற்று ஓய்ந்துவிட்டால், அடியில் தொங்கும் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு ஊர வேண்டியதுதான்.

எதில் போனாலும் பலகையோடு கயிற்றால் பிணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விழுந்தவரை விட்டுவிட்டுப் பலகை காற்றோடு ஓடிவிடும். முதல் வருஷத்துக்கு என் ஓட்டு நீளப் பலகைக்கே.