பழைய லாரிக்கு டர்போ மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

போன வாரம் மச்சினன் மகன் போன் பண்ணினான். "மாமா, பழைய டீசல் வண்டிக்கு நைட்ரஸ் போடலாமா? அமெரிக்காவுல போடறாங்க. டர்போவை விடச் செலவு கம்மியாம்." இரண்டுமே இன்ஜின் பவரைக் கூட்டத்தான்: நைட்ரஸ் இன்ஜினுக்குள் விடும் ஒரு வாயு, டர்போ இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. டர்போ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு 2012 ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது 1994 மாடல் டாடா ஆறு சக்கரம். 697 இன்ஜின், டர்போ இல்லாதது. ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்பதுதான் அந்த நம்பருக்கே அர்த்தம். முறையாக ஆயில் மாற்றினால் சாகாத இன்ஜின். கொல்லிமலைக்குச் சிமென்ட், கம்பி ஏற்றிப் போவேன். இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு, நேராகச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு. காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு. லோடோடு பாதி வளைவுக்கு ஃபர்ஸ்ட் கியர்தான். பின்னால் வரும் புது வண்டிக்காரன் ஹாரன் அடித்தே மானத்தை வாங்குவான்.

இதை ஒரு பட்டறையில் புலம்பினேன். பட்டறையின் பெயர் வேண்டாம். "ஏனுங்க, டர்போ ஒண்ணு மாட்டிவிடறேன், கியரு ஒண்ணு கூடவே ஏறும். ஏறலைன்னா காசு தர வேண்டாமுங்க" என்றார். புது டர்போ, மேனிஃபோல்டு, ஆயில் லைன், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். பில் கேட்டேன். "பில்லுன்னா வரி சேருமுங்களே" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஹாரன் சத்தம் தான் காதில் இருந்தது.

நாலு நாளில் வண்டி தயார். ஓட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே இழுத்தது. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் லோடிலேயே கரும்புகை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை. லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 3.2-க்கு வந்துவிட்டது. சங்ககிரியில் இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பை ரிப்பேர் செய்யும், எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனேன். அவர் முதலில் பம்பைத்தான் பார்த்தார். டீசல் அளவு ஸ்குரூவில் இருக்க வேண்டிய ஈய சீல் அறுந்து, கம்பி மட்டும் தொங்கியது. பிறகு இன்ஜினுக்குக் காற்று போகும் இன்லெட் பைப்பில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, ட்யூபைக் கேபினுக்குள் இழுத்து, லோடு வண்டியை மேட்டில் ஏற்றச் சொன்னார். முழு மிதி. முள் 2 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டவே இல்லை. "அண்ணா, எட்டுப் பத்து பவுண்டாவது வரணும். இது பெரிய இன்ஜினோட டர்போ. உங்க வண்டி விடற புகைக்கு இது சுத்தவே சுத்தாது."

வண்டி இழுத்தது டர்போவால் அல்ல, திருகிவிட்ட ஸ்குரூவால். காற்று பழைய அளவேதான், டீசல் மட்டும் கூடுதல். கொஞ்சம் பவர் வரும், மீதி டீசல் புகையாகப் போகும், சைலன்சர் பக்கம் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. பைப்பைக் கழற்றி டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிக் காட்டினார், பால் பல் மாதிரி ஆடியது. புதுசாம்! டர்போவின் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பட்டறைக்குத் திரும்பினேன். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிருமுங்க" என்றார். இவ்வளவு பார்த்த பிறகும் அதை நம்பி ஓட்டினேன் பாருங்கள், அது என் தப்பு. மூன்றாவது வாரம், மலையில் பாதிக்கு மேல் ஏறிய பிறகு இன்ஜின் தடதடவென்று அடித்து நின்றது. பிரித்தபோது ஐந்தாவது பிஸ்டன் தலையில் ஐந்து ரூபாய் காசு அளவு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. ஹெட்டில் இரண்டு வால்வுக்கு நடுவில் விரிசல். 1,15,000 ரூபாய், வண்டி 17 நாள் சும்மா நின்றது. பட்டறைக்காரர், "உங்க டிரைவர் ஓட்டின லட்சணமுங்க" என்றார். டிரைவரே நான்தான்.

சரி, நைட்ரஸ். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயுதான் அது. எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 தான். டீசலில் அதை மட்டும் விட்டால் பவர் வராது, கூடவே டீசலையும் கூட்ட வேண்டும். அமெரிக்காவில் போட்டி வண்டிகளுக்குச் சில விநாடி வேலை, அதற்குச் சரி. நமக்கு மலை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 4.5 கிலோ சிலிண்டர் சில நிமிஷத்தில் காலி, அப்புறம் யார் வந்து நிரப்புவார்கள்? அது மட்டுமில்லை, 36 டிகிரிக்கு மேல் போனால் அந்த வாயு உள்ளே திரவமாகவே நிற்காது, அழுத்தம் எகிறும். சித்திரை வெயிலில் நாமக்கல் ரோட்டோரம் நிறுத்திய கேபினுக்குள் அதை வைத்துக்கொண்டு தூங்குவாயா என்று மச்சினன் மகனைக் கேட்டேன். பேச்சில்லை.

டர்போ அப்படியல்ல, வீணாகப் போகும் புகையிலேயே சுற்றும், லோடு இருக்கும் வரை வேலை செய்யும். ஆனால் அந்த இன்ஜினுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். காற்று வந்த பிறகு மட்டும் டீசலைக் கூட்டுகிற மாதிரி பம்ப் இருக்க வேண்டும், பிஸ்டனைக் கீழிருந்து ஆயில் அடித்துக் குளிர வைக்க வேண்டும். இதெல்லாம் செய்து முடிப்பதற்குள் டர்போவோடு வந்த முழு இன்ஜினே வாங்கிவிடலாம் என்று பம்ப் கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதைக்கூட ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றினால்தான் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) சமயத்தில் தலைவலி இல்லை.

அப்படியும் மாட்டத்தான் வேண்டும் என்றால், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். டர்போ பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லோடோடு கேஜ் மாட்டிப் பார்க்காமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். கேஜ் ட்யூபோடு சில நூறு ரூபாய்தான்.

டர்போவைக் கழற்றிவிட்டுப் பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தேன். 2017-ல் விற்கும் வரை அதே ஃபர்ஸ்ட் கியர், அதே ஹாரன். அந்த டர்போ இன்னும் என் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடக்கிறது. பெயின்ட் உரிந்துவிட்டது, கிரைண்டர் தடம் நன்றாகத் தெரிகிறது.