பேட்டனின் ரிவால்வர் பிடி என்று சொல்லி 2,400 டாலரை விழுங்கிவிட்டார்கள். உஷார்!

ராணுவப் பழம்பொருள் சேகரிக்கிற நம்மாட்கள் அமெரிக்காவில் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 2,400 டாலர் போச்சு. வயிறு எரிகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் இதுதான். அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பேட்டன், 1965 பாகிஸ்தான் போரில் நம் ராணுவம் அசல் உத்தரில் நொறுக்கித் தள்ளிய டாங்கிக்கு எவருடைய பெயரோ அவர். இடுப்பில் வெள்ளைப் பிடி ரிவால்வர் தொங்க அவர் நிற்கிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது கோல்ட் (Colt) கம்பெனியின் .45 ரிவால்வர். 1916-ல் எல் பாசோவில் வாங்கியது. வேலைப்பாடு செய்த வெள்ளி நிற உடம்பு, யானைத் தந்தப் பிடி, அதில் அவருடைய இனிஷியல். அதே வருஷம் மே மாதம் மெக்சிகோவில் ரூபியோ பண்ணையில் மெக்சிகோ புரட்சித் தலைவன் பாஞ்சோ வில்லாவின் தளபதிகளில் ஒருவனான ஹூலியோ கார்தெனாஸை வீழ்த்திய சண்டையில் கையில் இருந்ததும் இதுதான். அந்தச் சண்டைக்கு அடையாளமாகப் பிடியில் இரண்டு வெட்டு போட்டுக்கொண்டார் மனுஷன்.

அசல் துப்பாக்கி போய்ச் சேர்ந்த இடம் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் மியூசியம். அதனால் இந்த ஆன்லைன் கடைக்காரன் சாமர்த்தியமாக வேறு கதை கட்டினான். "பேட்டனுக்காக அப்போதே செய்த மாற்றுப் பிடி, ஒரு ஜோடி, துப்பாக்கியில் மாட்டவே இல்லை" என்று விளம்பரம். கடையின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. போர்க்கால யூனிஃபார்ம், மெடல், கத்தி விற்கிற கடை, அவ்வளவுதான்.

போனில் பேசினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எல்லோரும் இதை முத்துச்சிப்பிப் பிடி என்பார்கள் சார், பேட்டன் காதில் விழுந்தால் கடித்துக் குதறியிருப்பார், இது தந்தம்" என்றான். உண்மைதான், அவருக்கு அது ஆகவே ஆகாது. இந்த அளவுக்கு விஷயம் தெரிந்தவன் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அடுத்து சட்டம் பேசினான். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்க 2016-லிருந்து கிட்டத்தட்ட முழுத் தடை, நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கு விலக்கு, இதற்குப் பேப்பர் இருக்கிறது என்றான். அதுவும் சரி. பிறகுதான் கொக்கியைப் போட்டான்: "தந்தம் என்று பார்த்தாலே கார்டு கம்பெனி நிறுத்திவிடும், நேராக பேங்கில் போட்டுவிடுங்கள்." 2,400 டாலர், ஒரே தடவையில் போட்டாயிற்று.

பார்சலைப் பிரித்தால் இடது பிடியில் இரண்டு வெட்டு! மாட்டவே மாட்டாத மாற்றுப் பிடியில் ரூபியோ சண்டை வெட்டு எப்படி ஐயா வரும்? விளம்பரப் போட்டோவில் அது இல்லவே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அசல் தந்தமாக இருந்தால் அடிப்பக்க வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடும். இதில் மருந்துக்கும் இல்லை. உட்பக்கம் விரலால் தடவினால் அச்சில் வார்த்த தடம் நீளமாகத் தட்டுப்படுகிறது. சுத்தமான பிளாஸ்டிக். சர்டிஃபிகேட் இன்னும் கேவலம். 1916 சண்டையில் பேட்டன் சுட்டது .357 மேக்னமாம்! அந்தத் தோட்டாவே 1935-ல்தான் வந்தது. அவர் வாங்கிய .357 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேறு துப்பாக்கி, அது அதற்கப்புறம்தான். கோல்ட் பிடி அதில் பொருந்தக்கூடப் பொருந்தாது.

போன் போட்டேன். முதலில், "எங்கள் நிபுணரிடம் கேட்டுச் சொல்கிறோம்." அப்புறம், "பேட்டன் பழகுவதற்காக இதில் வெட்டிப் பார்த்திருக்கலாம்." பழகுவதற்காகவாம்! பிளாஸ்டிக் என்றதும் குரல் மாறியது: "நீங்களே மாற்றிவிட்டு எங்களிடம் திருப்பித் தள்ளுகிறீர்கள்." கடைசியில், "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லின் பின்பக்கம் படியுங்கள்." இப்போது போன் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. மெயிலுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கி பதில். பேங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். 2,400 டாலர் சாமி, ஊர்க் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல்.

எதைப் பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. கார்டு வேண்டாம் என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். சர்டிஃபிகேட்டை யார் வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம். தந்தம் என்றால் வெட்டுமுகத்தின் க்ளோசப் போட்டோவை முதலில் கேளுங்கள், அனுப்பாவிட்டால் விட்டுவிடுங்கள். "மாற்று", "ஸ்பேர்", "அவருடைய உதவியாளர் வைத்திருந்தது" என்று ஆரம்பித்தாலே நகர்ந்துவிடுங்கள்.

எஃப்.பி.ஐ-யின் இணையக் குற்றப் பிரிவில் புகார் பதிந்துவிட்டேன். இதே கடையில் ஏமாந்தவர் வேறு யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், பில், சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.